அம்மாயிக்கு வழி தெரியாமல் போன வீடு

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே போனால், கொரங்காடும் (மாடு மேய்கிற புல்காடு) கிளுவை வேலியும் வெள்வேல மரங்களுமாக இருக்கிற இடத்தில் என் மாமாவின் தோட்டம். அங்கே இருந்த பழைய தொட்டிக்கட்டு வீட்டை, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்த வீட்டைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு கட்டினோம். வரைபடம் போட்டதும் கொத்தனார் பக்கத்தில் நின்று கட்டி முடித்ததும் நான்தான். 2021 தை மாசம் பால் காய்ச்சினோம். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் "டவுன் ஊடாட்டவே இருக்குதுங்க" என்றார்கள், எனக்கு அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

ஒன்றேகால் வருசம் கழித்து ஒரு வாரம் அங்கே போய்த் தங்கினேன். அம்மாயி, அதாவது என் அம்மாவின் அம்மா, ஒரே அறையில், ஒரே கட்டிலில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சோறு அங்கேயே வந்தது. கக்கூசுக்குப் போக அத்தையைக் கூப்பிட வேண்டும், அத்தை தோட்டத்துக்குப் போயிருந்தால் வரும்வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 78 வயது. பழைய வீட்டில் விடியற்காலை நாலு மணிக்கு விளக்குக்கூடப் போடாமல் எழுந்து, மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் போய், மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு வந்த மனுசி அவர். கண் அப்போதும் நன்றாக இருக்கவில்லை. கிளாக்கோமா, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெட்டுப்போகிற நோய், அவருக்குப் பல வருசமாகவே இருந்தது. ஓரப் பார்வை முதலில் போகும், போனது திரும்பாது, நடுவில் ஒரு குழாய் வழியே பார்க்கிற மாதிரி கொஞ்சம் மிஞ்சும். ஆனால் புது வீட்டுக்குக் குடி வந்த பிறகு கண் பெரிதாக மோசமாகவில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அப்படியென்றால் மோசமானது எது? ஆள் இல்லாமல் நடமாட முடியாமல் போனது எதனால்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினதையும், அந்த வீட்டைச் சரி செய்ய நாங்கள் எடுத்துக்கொண்ட எட்டு மாசத்தையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாயியிடமே கேட்டேன். "எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்குது சாமி. காலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டீங்குது" என்றார். காலுக்குத் தெரியவில்லை என்றதை முதலில் நான் வயசானவர் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டைச் சொல்லிவிடுகிறேன். ஹால் 24க்கு 16 அடி, பத்தடி உயரம். தரை முழுக்க நாலுக்கு நாலு பளபள வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ், ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவே வாசப்படிகூடக் கிடையாது. சுவரெல்லாம் பட்டி பார்த்து வழவழவென்று வெள்ளை, கதவும் வெள்ளை, பாத்ரூமில் சுவர், தரை, கோப்பை எல்லாமே வெள்ளை. மேலே ஃபால்ஸ் சீலிங். ஜன்னலெல்லாம் யூபிவிசி, பக்கவாட்டில் தள்ளுகிறது, அது பாதிதான் திறக்கும், அந்தப் பாதியும் ஆடிக்காத்துக்குப் புழுதி வருகிறதென்று மேற்கே எப்போதும் மூடியே கிடக்கும். படத்தில் பார்க்க அழகான வீடு. இருபது வயது ஆளின் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயது ஆளின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கு மேல் கிளாக்கோமா வேறு இருந்து, பளபளத் தரையில் ஜன்னல் வெளிச்சம் பட்டு நேராக முகத்தில் அடித்தால், அந்தக் கொஞ்சப் பார்வையும் வேலைக்கு ஆகாது. வெள்ளையில் வெள்ளை ஒட்டி நிற்கும்போது விளிம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதெல்லாம் பாடத்தில் படித்தவன்தான் நான். வரைகிற நேரத்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

சிவன்மலையில் கிடைத்த துப்பு

அந்த வாரம் கிருத்திகை வந்தது, அம்மாயியைச் சிவன்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் போனதும் என் கையை விட்டுவிட்டார். நான் பதறிப் பின்னாலேயே போகிறேன், அவர் பாட்டுக்குத் தூணைத் தொட்டுக்கொண்டு போகிறார், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புகிறார், விளக்கு எரிகிற இடத்துக்கு ரெண்டடி முன்னாலேயே நின்று கும்பிடுகிறார். வீட்டில் பத்தடி நடக்க முடியாதவர்.

கோயிலை அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். வெளியே வெயில் பட்ட கல் உள்ளங்காலைச் சுடுகிறது, மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கல் சில்லென்று ஆகிறது, நீ உள்ளே வந்துவிட்டாய் என்று அதுவே சொல்லிவிடுகிறது. மண்டபத்தில் பேச்சு கொஞ்சம் முழங்குகிறது, உள்ளே போகப் போகச் சுவர் நெருங்கிச் சத்தம் காதுக்குப் பக்கத்தில் வருகிறது. எண்ணெய்ப் பிசுக்கு வாசம் இருக்கிற இடம் விளக்கு, கற்பூரமும் திருநீறும் கலந்த இடம் சன்னதி. வெளியே வந்தால் மலைக்காற்று முகத்தில் அடிக்கிற பக்கம் மேற்கு. ஒரு இடத்தையும் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயமே இல்லை. ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் யுஹானி பல்லஸ்மா, இந்தக் காலக் கட்டடங்கள் கண்ணுக்கு மட்டும் தீனி போட்டுவிட்டு மற்ற நாலு புலனையும் பட்டினி போடுகின்றன என்கிற வாதத்தை 1990களிலேயே எடுத்து வைத்தார். காலேஜில் அதைப் பரீட்சைக்குப் படித்தேன், சிவன்மலையில்தான் எனக்குப் புரிந்தது.

மறுநாள் அம்மாயியை உட்கார வைத்து, பழைய வீட்டில் கட்டிலிலிருந்து கட்டுத்தரை வரைக்கும் எப்படிப் போவீர்கள் என்று கேட்டு அப்படியே எழுதிக்கொண்டேன். கட்டிலை விட்டு இறங்கினால் சாணி வழித்த தரை, மெத்தென்று இருக்கும். ஏழெட்டு எட்டு வைத்தால் நிலவுப்படி மரம், அதில் ஏறி இறங்கினால் ஆசாரம், அதாவது கூடம், அங்கே காரைத் தரை, வழவழப்பு. அப்புறம் தாவாரம், அதாவது தாழ்வாரம், தொட்டிக்குள் வானம் திறந்திருப்பதால் அங்கே வந்ததும் தலையில் குளிர் இறங்கும், தன் நடைச் சத்தமே வேறாகக் கேட்கும். அடுப்படி முன்னால் விறகுப் புகை. பொடக்காணி, அதாவது கொல்லைப்பக்கக் கதவு தாண்டினால் கருங்கல் படி ரெண்டு, அப்புறம் மண், அதற்கப்புறம் மாட்டு மூச்சு. இடிப்பதற்கு முன்னால் அந்த வீட்டை டேப் வைத்து அடி, அங்குலம் விடாமல் அளந்தவன் நான். அம்மாயி சொன்ன எதுவும் என் அளவுத் தாளில் இருக்கவில்லை.

தரை

முதல் வேலை தரை. மாமா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஏன் மாப்ள, நேத்துப் போட்ட டைல்ஸ இன்னைக்கு ஒடைக்கோணும்ங்கறயே, ஊரு என்ன பேசும்" என்றார். அவர் வருத்தம் நியாயமானது, அந்தத் தரைக்கு அவர் கடலைக்காய் விற்ற காசு முழுக்கப் போயிருந்தது. முழுத் தரையையும் தொட வேண்டாம், அம்மாயி நடக்கிற தடம் மட்டும் என்று பேசி முடித்தோம். படுக்கை அறையிலிருந்து பாத்ரூம், அங்கிருந்து ஹாலின் ஓரமாகச் சமையலறை, அப்புறம் கிழக்குத் தாவாரம். மொத்தம் 62 அடி நீளம், ரெண்டரை அடி அகலம்.

பழைய வீட்டுத் தொட்டியைச் சுற்றிக் கிடந்த கருங்கல் பாவுகல்லை மாமா எறிந்துவிடாமல் கட்டுத்தரையில் போட்டு வைத்திருந்தார், அது எங்கள் அதிர்ஷ்டம். மூன்று தலைமுறை கால் பட்டுத் தேய்ந்த மேல்முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கல் அறுக்கிற பட்டறையில் அடியிலிருந்து அறுத்து ஒன்றரை அங்குலக் கனமாக ஆக்கினோம். டைல்ஸை வெட்டி எடுத்த பள்ளத்தில் அதைப் பதித்தபோது மட்டம் சரியாக வந்தது. மட்டம் விசயத்தில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்கவில்லை, வயசானவர்கள் காலைத் தூக்கி வைப்பது குறைவு, ஒரு சின்ன விளிம்பு போதும் தடுக்கி விழுவதற்கு. ரயில்வே பிளாட்பாரத்தில் மஞ்சளாகப் புடைத்த ஓடு பார்த்திருப்பீர்கள், ஜப்பானில் செய்ச்சி மியாக்கே 1965இல் உருவாக்கியது, 1967இல் ஒக்கயாமா நகரில் கண் தெரியாதவர்கள் படிக்கிற பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். தெருவுக்கு அது அருமையான ஏற்பாடு. வீட்டுக்குள் 78 வயது வெறுங்காலுக்கு அந்தப் புடைப்பு வேண்டாம் என்று தோன்றியது.

அதற்குப் பதிலாக, ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு அடி அகலத்துக்குக் கல்லின் மேல் சொரசொரப்பு மட்டும் ஏற்றினோம். இந்த வேலைக்கு ஊருக்குள் அம்மி கொத்த வருகிற ஒரு பெரியவரைப் பிடித்தோம். உளியும் சுத்தியலும் வைத்து உட்கார்ந்து அம்மிக்குக் கொத்துகிற மாதிரியே புள்ளி புள்ளியாகக் கொத்தினார். பாத்ரூமுக்கு நெருக்கமான புள்ளி, சமையலறைக்குக் கோடு, தாவாரத்துக்கு அகலமான புள்ளி. ரெண்டு நாள் வேலை. அவர் கொத்தக் கொத்த அம்மாயி பக்கத்திலேயே உட்கார்ந்து, கால் வைத்துப் பார்த்து, "இன்னொரு இத்தனி ஆழமா கொத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வீட்டில் ஒரு வேலையை அவர் நின்று வாங்கியது அதுதான் முதல் தடவை. இருட்டான கல் வெள்ளைத் தரை நடுவில் ஓடுவதால் மிச்சமிருக்கிற பார்வைக்கும் அது நன்றாகத் தெரிகிறது.

கட்டிலடியில் மட்டும் கல் போடவில்லை. ஒரே அறையில் கல்லும் மரமும் ஒரே வெப்பத்தில்தான் இருக்கும், ஆனாலும் கல் நம் காலிலிருந்து சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும், மரம் அப்படி இழுக்காது. மார்கழியில் விடியற்காலை தூக்கத்திலிருந்து எழுந்து வைக்கிற முதல் எட்டு கல்லில் பட்டால் உடம்பு தூக்கிப்போடும். பழைய வீட்டு அட்டாலியில் (பரணில்) இருந்த தேக்குப் பலகைகளை ஆசாரி இழைத்துக் கொடுத்தார், அதைத் தரை மட்டத்துக்கே பதித்தோம். மரத்திலிருந்து கல்லுக்குக் கால் மாறுகிற இடம்தான் இப்போது அவருக்குப் பழைய நிலவுப்படி.

சத்தம்

எனக்கு மிகவும் பாடமாக அமைந்தது இந்தப் பகுதி. அந்த ஹாலில் ரெண்டு பேர் பேசினால் மூன்றாவது ஆளுக்குப் புரியாது, டிவி ஓடினால் யார் எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று யாருக்குமே தெரியாது. கண் பார்வை நன்றாக இருக்கிறவர்கள் உதட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்கள். அம்மாயிக்குச் சத்தம் நாலாப் பக்கமும் இருந்து வந்தது, அதனால் ஹாலில் உட்காரவே பயந்தார்.

இதற்குக் கணக்கு உண்டு. 1895இல் அமெரிக்காவில் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை, பேச்சு அடங்கச் சுமார் ஐந்தரை நொடி ஆனது. வாலஸ் சபைன் என்கிற இளம் இயற்பியல் ஆசிரியர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எத்தனை நொடி குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து வந்த சூத்திரத்தைத்தான் இன்றைக்கும் பயன்படுத்துகிறோம்: அறையின் கன மீட்டரை 0.161ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சுகிற பரப்பால் வகுத்தால் சத்தம் அடங்குகிற நேரம் வரும். எங்கள் ஹால் 109 கன மீட்டர். டைல்ஸ், பட்டி பூசின சுவர், கண்ணாடி எல்லாம் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும், சோஃபாவைச் சேர்த்தாலும் உறிஞ்சுகிற பரப்பு ஆறரை சதுர மீட்டர் தேறவில்லை. கணக்கு 2.7 நொடி என்றது. பள்ளிக்கூட வகுப்பறைக்கு 0.6 நொடிதான் நல்லது என்கிறார்கள்.

ஃபால்ஸ் சீலிங்கில் பாதியைப் பிரித்து மரநார்ப் பலகை அடித்தோம். ஜன்னலுக்குக் கனமான பருத்தித் திரை. மேற்குச் சுவரில் ரெண்டு பவானி ஜமக்காளத்தைச் சுவரோடு ஒட்டாமல் நாலு அங்குலம் தள்ளிக் கட்டையில் தொங்கவிட்டோம், பின்னால் காற்று இடைவெளி இருந்தால் துணி சத்தத்தை இன்னும் அதிகம் விழுங்கும். கணக்கில் முக்கால் நொடிக்கு வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் டிவியை நிறுத்தியதும் வெளியே தவிட்டுக்குருவி கத்தினது உள்ளே கேட்டது. அத்தைதான் முதலில் சொன்னார், "இத்தன நாளு இதெல்லாம் கேக்கவே இல்லியே" என்று.

ஆனால் ஹாலை ஒட்டின நடைபாதையில் வேண்டுமென்றே ஒன்றும் செய்யவில்லை. அங்கே சுவர் கெட்டியாகவே இருக்கட்டும். கைத்தடி தட்டுகிற சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும், திறந்த கதவு வந்தால் திரும்பாது. அம்மாயி அதை வைத்துத்தான் கதவு திறந்திருக்கிறதா சாத்தியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார். வீடு முழுக்கப் பஞ்சு வைத்த மாதிரி அமைதியாக்கியிருந்தால் அதையும் அவரிடமிருந்து பறித்திருப்பேன்.

இப்போது நான் செய்த பெரிய தவறு. தாவாரத்தை அடையாளம் காட்ட ஒரு நிரந்தரச் சத்தம் வேண்டும் என்று, ஒரு கல்தொட்டியில் சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி செய்தேன். படித்த இடத்திலெல்லாம் ஓடுகிற தண்ணீர்ச் சத்தம் மனசுக்கு இதம் என்றுதான் போட்டிருந்தது. மூன்று ராத்திரி அம்மாயி தூங்கவில்லை. "கொழாய மூடாம உட்டுட்டீங்களா, தண்ணி வீணாப் போகுதே" என்று மணிக்கொரு தரம் எழுந்து அத்தையை எழுப்பினார். மோட்டார் என்று சொன்னால் புரிகிறது, படுத்தால் மறுபடி பதறுகிறார். காங்கேயம் பக்கம் கிணறு வற்றி, ஆயிரம் அடி போர் போட்டும் உப்புத் தண்ணீரும் புழுதியும் வருகிற பூமி. இங்கே ராத்திரியில் தண்ணீர் ஒழுகுகிற சத்தம் என்றால் எங்கேயோ நஷ்டம் நடக்கிறது என்று அர்த்தம், அறுபது வருசமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடிப் பழகின உடம்பு அது. எந்த ஊருக்கோ இதமான சத்தத்தைக் கொண்டுவந்து இந்த வீட்டில் வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நாலாம் நாள் மோட்டாரைக் கழற்றினேன். அப்புறம் அம்மாயியே வழி சொன்னார்: கட்டுத்தரையைத் தாவாரத்துக்கு எதிரே மாற்றிக் கட்டச் சொன்னார். இப்போது மயிலைப் பசுவின் கழுத்து மணி கேட்கிற பக்கம் தாவாரம். ராத்திரி மணி சும்மா இருந்தால் மாடு அசை போடாமல் படுத்திருக்கிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரிகிறது.

வாசம்

வீடு முழுக்க ஒரே எலுமிச்சை வாசம் அடிக்கும், தரை துடைக்கிற மருந்து. அதை நிறுத்தினது செலவில்லாமல் செய்த மிகப் பெரிய திருத்தம். மூக்கு ஒரே வாசத்தில் சில நிமிசம் இருந்தால் அதை உணருவதை விட்டுவிடும், அதனால் எந்நேரமும் அடிக்கிற வாசத்தால் யாருக்கும் வழி சொல்ல முடியாது. வந்து வந்து போகிற வாசம்தான் உதவும். மற்றப் புலன்களின் செய்தியெல்லாம் மூளைக்குள் ஒரு நடுச் சாவடியைத் தாண்டித்தான் போகும், வாசம் மட்டும் அதில் நிற்காமல் ஞாபகமும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது. முப்பது வருசத்துக்கு முந்தின அடுப்படி ஒரு வாசத்தில் முன்னால் வந்து நிற்பது அதனால்தான்.

பாத்ரூம் ஜன்னலுக்கு வெளியே திருநீற்றுப்பச்சிலை வைத்தோம். சமையலறைப் பின்வாசலில் கறிவேப்பிலை, போகிற வருகிறவர்களின் கை உரசுகிற உயரத்தில். படுக்கை அறை ஜன்னலை ஒட்டிப் பவழமல்லி. பவழமல்லி ராத்திரி பூத்து விடியும்போது உதிரும், மல்லிகை பொழுது சாயும்போது மலரும், அதனால் தாவாரத்தில் மல்லிகைப் பந்தல். கடிகாரம் பார்க்க முடியாதவருக்கு இது காலையா மாலையா என்று சொல்கிற ஏற்பாடு. இதை நான் யோசித்து வைக்கவில்லை, அத்தைதான் எந்தப் பூ எந்தப் பக்கம் என்று முடிவு செய்தார்.

மழைக்கு முன்னால் வருகிற மண்வாசனைக்குக் காரணம் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் உண்டாக்குகிற ஜியோஸ்மின் என்கிற பொருளும் செடிகளின் எண்ணெய்ப் பசையும். 1964இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்கிற ரெண்டு விஞ்ஞானிகள் இந்த வாசத்துக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். லட்சம் கோடியில் சில பங்கு காற்றில் இருந்தாலே மனுசர் மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் வீட்டைச் சுற்றிலும் நான் சிமெண்ட் பேவர் கல் போட்டு மூடிவிட்டேனே, மண்வாசனை எங்கிருந்து வரும்? கிழக்குப் பக்கம் 300 சதுர அடி பேவரைப் பெயர்த்து எடுத்துச் செம்மண்ணாகவே விட்டோம். மாமா இதற்கு மட்டும் மறு பேச்சுப் பேசவில்லை, கடலைக்காய் காய வைக்க இடம் கிடைத்தது என்று சொல்லிவிட்டார்.

காற்றும் கையும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைகிற மேல்காற்று ஆனி, ஆடியில் காங்கேயம், உடுமலை, தாராபுரம் வரைக்கும் அடித்து நொறுக்கும், இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது சும்மா இல்லை. பழைய வீட்டில் மேற்கே சின்னச் சின்ன ஜன்னல், கிழக்கே பெரிய திறப்பு. சின்ன வழியில் நுழைந்து பெரிய வழியில் வெளியேறும்போது நுழைகிற இடத்தில் காற்று வேகம் எடுக்கும், புழுதியும் குறைவு. நான் கட்டினதில் எல்லா ஜன்னலும் ஒரே அளவு. மேற்கே ரெண்டு ஜன்னலை எடுத்துவிட்டு ஒன்பது அங்குலச் சதுரத்தில் சுட்ட மண் துவாரக் கற்கள் வைத்தோம், கிழக்கே கதவுக்கு மேல் ஒரு நீளமான காற்றுவழி திறந்தோம். இப்போது ஆடியில் இடது கன்னத்தில் காற்றுப் பட்டால் அம்மாயி வடக்கே பார்த்து நிற்கிறார் என்று அர்த்தம். மேற்கே ஒரு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டிச் சொட்டுக் குழாயில் நனைத்தோம், கோடையில் காற்று வறண்டு கிடப்பதால் நன்றாகவே குளிர்ந்தது, வாசமும் வந்தது. ஒரே மாசத்தில் உப்புத் தண்ணீர் குழாய்த் துளையெல்லாம் அடைத்துவிட்டது. இப்போது அத்தை செம்பில் தண்ணீர் அடிக்கிறார்.

கைப்பிடிக்குப் பழைய வீட்டு மரத்தையே ஆசாரி உருட்டிக் கொடுத்தார், ஒன்றரை அங்குலக் கனம். ஸ்டீல் வைத்திருந்தால் மார்கழியில் கை வைக்க முடியாது. புத்தகத்தில் சொன்ன உயரத்தை விட்டுவிட்டு, அம்மாயி நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டபோது மணிக்கட்டு எங்கே இருந்ததோ அங்கே வைத்தோம், அவர் நாலே முக்கால் அடி. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் 2007இல் முடிந்த ஹேஸல்வுட் பள்ளி, கண்ணும் காதும் சேர்ந்து குறைபட்ட பிள்ளைகளுக்காக ஆலன் டன்லப் வடிவமைத்தது, அங்கே நடைபாதைச் சுவர் முழுக்க கார்க் பதித்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதைத் தடவிக்கொண்டே வகுப்புக்குப் போவார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் கைப்பிடியில் வெட்டு வைத்தேன், பாத்ரூமுக்கு ரெண்டு, சமையலறைக்கு ஒன்று. அம்மாயி அதை ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. பாத்ரூம் கதவோரம் கொத்தனார் பூசும்போது கரண்டி நழுவி விழுந்த ஒரு தழும்பு இருக்கிறது, பட்டி பார்க்கிறவர் தப்பவிட்டது, அதைத்தான் விரலால் தேடுகிறார். பெயிண்ட் அடிக்கிறவரிடம் அதை மூடிவிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

சாப்பாடு

ருசிக்குக் கட்டடத்தில் என்ன வேலை என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு மாதிரி சிலதுதான், மிச்ச ருசியெல்லாம் மூக்கு தருவது. படுக்கை அறைக்குத் தட்டில் ஆறி வருகிற சோறு ருசிக்காமல் போனதற்கு அத்தை சமையல் காரணம் கிடையாது. சமையலறைக்கும் தாவாரத்துக்கும் நடுச் சுவரில் மூன்றடி அகலத்துக்கு ஒரு திறப்பு வைத்து, தாவாரத்துப் பக்கம் கருங்கல் திண்ணை போட்டோம். தாளிக்கிற சத்தம், கொள்ளு வேகிற வாசம், சந்தகை பிழிகிற அன்றைக்கு ஆவி எல்லாம் அந்த வழியாக வரும். முதல் நாள் அரிசியும்பருப்பும் சாதம். அம்மாயி சாப்பிடும்போதே "கடுகு கருகிப் போச்சாட்ட இருக்குது" என்று உள்ளே குரல் கொடுத்தார். அத்தை கோபப்படவில்லை, சிரித்தார். இப்போது கீரை ஆய்வது, முறத்தில் புடைப்பது எல்லாம் அந்தத் திண்ணையில்தான்.

செலவும் மிச்சமும்

எட்டு மாச வேலைக்கு மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் ஆனது. கல்லும் மரமும் பழையது என்பதால் இத்தோடு முடிந்தது, பாதிக்கு மேல் கூலிதான் போனது. முதலிலேயே இப்படிக் கட்டியிருந்தால் இதில் பெரும்பகுதி செலவே இருந்திருக்காது, இதை நான் மாமாவிடம் நேராகவே சொல்லிவிட்டேன்.

பலன் உடனே வரவில்லை. முதல் மூன்று வாரம் அம்மாயி கல் தடத்தை நம்பவில்லை, அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் அதன் மேல் நடந்தார். நாலாவது வாரம் ஒரு நாள் தாவாரத்தில் தானாக வந்து உட்கார்ந்திருந்ததை மாமா பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். இப்போது பகலில் யாரையும் கூப்பிடுவதில்லை. ராத்திரி பாத்ரூமுக்கு ஒரு தடவையாவது கூப்பிடுகிறார். ஒரு முறை சறுக்கி உட்கார்ந்துவிட்டார், கல் தடத்துக்கு வெளியே, ஈரமாக இருந்த பழைய டைல்ஸில். கார்த்திகை மாசம் ஒரு சாயங்காலம், வானம் வெளுப்பாகத்தான் இருந்தது, தாவாரத்திலிருந்து "மழ வருது, கடலக்காய வாரி உள்ள போடுங்க" என்று சத்தம் போட்டார். கால் மணி நேரத்தில் பிடித்துக்கொண்டது.

இன்னும் ரெண்டு வேலை பாக்கி. ஜமக்காளத்தில் புழுதி ஏறுகிறது, கழற்றித் துவைக்க ரெண்டு ஆள் வேண்டியிருக்கிறது, கொக்கியை மாற்ற வேண்டும். பாத்ரூமுக்குள் தரை இன்னும் வெள்ளையாகவேதான் இருக்கிறது, தண்ணீர் வாக்கிற இடம் எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியவில்லை. மிச்சம் மூன்று பாவுகல் கட்டுத்தரையில் கிடக்கிறது, போதுமா என்று வரும் ஞாயிற்றுக்கிழமை போய் அளந்து பார்க்க வேண்டும். அம்மி கொத்துகிற பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.